கோட்டச்சாமி வீட்ட வெளிய எடுத்து வச்ச கதை

என்னடா, எல்லாரும் வந்தாச்சா? கரண்ட்டு போனாத்தான் உங்களுக்கு என் ஞாபகம் வரும். ஃபேன் ஓடுற வரைக்கும் எவனாவது என்னைய மதிச்சிருக்கீங்களா? சரி, உக்காருங்க. ஏய் தவசி, அந்த போன கீழ வையி. என்னத்தடா அப்பிடி மொறச்சுப் பாக்குற? காட்டு. ஓ, ஊஞ்சலு. பிரம்பு ஊஞ்சலு, பக்கத்துல ஒரு குட்டி மேசை, மேசை மேல எலுமிச்சம்பழத் தண்ணி, பின்னாடி கடலு. ஏண்டா, உங்க வீட்டுல கால நீட்டுனா அடுத்த வீட்டுச் சோத்துப் பானைல இடிக்கும். நீ எந்த ஆகாசத்துல ஊஞ்சல் கட்டப் போற?

மத்தவனுக ஏண்டா சிரிக்கிறீங்க? சித்திரை பொறந்துட்டா நீங்க அத்தனை பேரும் படம் பாத்தே வேர்வைய ஆத்துற ஆளுகதான். உங்களயும் மிஞ்சுன அறிவாளிக இருக்கற ஒரு ஊரு இருக்கு, மொட்டப்பாறைன்னு. எங்க இருக்குன்னு மட்டும் கேக்காதீங்க. சொன்னா கெளம்பிப் போயி குடியேறிருவீங்க, அம்புட்டுப் பொருத்தம்.

அந்த ஊர்ல கோட்டச்சாமின்னு ஒருத்தன். கோட்டை பேருலதான். இருந்தது ரெண்டு ரூமு ஓட்டு வீடு, முன்னாடி காலி வாசலு. சித்திரை வெயிலு அந்த ஓட்டு மேல ஏறிருச்சுன்னா, உள்ள ஈரத்துண்டப் போட்டு அப்பளமா எடுக்கலாம். அவன் பொண்டாட்டி செம்பகம் நாலு சித்திரைய பல்லக் கடிச்சுத் தாண்டுனா. அஞ்சாவது சித்திரைல பையத் தூக்கிட்டா.

"இந்தா பாருங்க, எனக்கு உங்க மேல ஒரு கோவமும் இல்ல. உள்ள உக்கார முடியல. வெளிய உக்காரலாம்னா வாசல்ல ஒரு நாய்க்குக்கூட நெழலு இல்ல. மனுசி உக்கார ஒரு எடம் பண்ணி வைங்க, வர்றேன்."

"எங்க பண்ணனும்?"

"எங்கயாவது!"

சொல்லிட்டு பஸ் ஏறிட்டா. கோட்டச்சாமி அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் நாலு தெருவுல நின்னு, "ஏப்பா, இந்த எங்கயாவதுங்கறது நம்மூர்ல எந்தப் பக்கம் இருக்கு?"ன்னு விசாரிச்சான். மூணு பேரு கெழக்கன்னு சொன்னாங்க. ஒருத்தன் மட்டும், "அது பக்கத்து ஊரு எல்லைல வருது"ன்னுட்டான்.

பதினஞ்சு நாளு ஓடுச்சு. வீட்டுல ஆளு இல்லாம கோட்டச்சாமி தேஞ்சு போனான். ரசம் வச்சான், சுடுதண்ணி மாதிரி இருந்துச்சு. சுடுதண்ணி வச்சான், கருகிப் போச்சு. செம்பகம் மாடத்துல விட்டுட்டுப் போன கொண்டை கிளிப்ப தினமும் எடுத்துத் தூசி தட்டி, மறுபடி அதே எடத்துல வைப்பான். அது ஒண்ணுதான் அந்த வீட்டுல உருப்படியா நடந்த வேல.

பதினாறாம் நாளு புதன்கெழமை, போன் வந்துச்சு.

"ஞாயித்துக்கெழமை மத்தியானம் பன்னண்டு மணி வண்டில எங்கண்ணனோட வர்றேன். உக்கார எடம் இருந்தா இருப்பேன். இல்லைன்னா, வண்டி கடைசி ஸ்டாப்பு போயித் திரும்பி வர அரை மணி நேரமாகும்ல, அதுலயே ஏறிருவேன். ஏறுனா அவ்வளவுதான், ஐப்பசிக்குத்தான் வருவேன். உங்க போனுக்கு ஒண்ணு அனுப்பிருக்கேன். அதுல போட்டுருக்கறபடி செய்யிங்க. ஒரு எழுத்து மாறக் கூடாது."

வந்தது ஒரு படமும் அது கீழ கொஞ்சம் எழுத்தும். 'கோடையில் குளுகுளு இல்லம்: வெளியே வாழ ஏழு வழிகள்'னு தலைப்பு. படத்துல வெள்ளை மெத்தை, வெள்ளைத் திரை, நடுவுல ஒரு பொம்பளை கையில கிளாஸ வச்சுக்கிட்டு தனியா சிரிச்சுக்கிட்டு இருந்தா.

கோட்டச்சாமி போனத் தூக்கிக்கிட்டு தண்ணித் தொட்டிக்கு ஓடுனான். மொட்டப்பாறைல ஊர்க் கூட்டம் அந்தத் தொட்டிக்குக் கீழதான். பெரிய தொட்டி. அதுல தண்ணி ஏறி யாரும் பாத்ததில்ல, ஆனா நெழலு ஒரு நாளும் தவறுனதில்ல. அங்க இருளப்பன் உக்காந்திருந்தாரு. ஊர்ல எந்தச் சிக்கலா இருந்தாலும் கண்ண மூடி யோசிச்சு, இன்னொரு சிக்கலாக்கித் திருப்பிக் குடுக்கற மனுசன். பக்கத்துல கொம்பையா. அவனுக்கு யோசனையெல்லாம் கெடையாது. கடப்பாரை உண்டு. சுத்தி வேல இல்லாத பத்துப் பேரு.

இருளப்பன் படத்த ரொம்ப நேரம் பாத்தாரு. "இந்தப் பொம்பளை யாரு?"

"தெரியலண்ணே."

"அவளும் ஏழு வழில ஒண்ணா?"

கோட்டச்சாமி கொஞ்சம் தயங்கிட்டு, "அந்த எடம் செம்பகத்துக்குண்ணே. கடைசில வரும்"னான்.

கூட்டம் ஒத்துக்கிச்சு. மொத வழியப் படிச்சான். 'புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் இருப்பதையே வெளியே கொண்டு வந்து பயன்படுத்துங்கள்.'

"எதெத கொண்டாரச் சொல்லுது?"ன்னாரு இருளப்பன்.

"வீட்டில் இருப்பதைன்னுதான் போட்டுருக்கு."

"அப்ப எதையும் விடக் கூடாது. ஒரு எழுத்து மாறக் கூடாதுன்னு சொல்லிருக்கா. ஒரு கரண்டி உள்ள இருந்துச்சுன்னாலும் நாளைக்கு உன்னையத்தான் கேப்பா."

அன்னைக்கே ஆரம்பிச்சாங்க. கட்டிலு, பீரோ, அண்டா, அடுப்பு, ஆட்டுக்கல்லு, மூணு வருசத்துக் காலண்டர், எல்லாம் வாசலுக்கு வந்துச்சு. கொம்பையா உள்ள இருந்த ஒட்டடையக்கூட விடல, பதனமா கம்புல சுத்திக் கொண்டாந்து கட்டிலுக்கு மேல மாட்டப் பாத்தான். கொண்டை கிளிப்ப மட்டும் கோட்டச்சாமி யாருகிட்டயும் குடுக்கல. சட்டப் பைல மாட்டிக்கிட்டான்.

வியாழக்கெழமை, 'மெல்லிய திரைகளைத் தொங்க விடுங்கள், காற்றில் ஆடும் திரை கண்ணுக்குக் குளிர்ச்சி.' வீட்டுல திரை ஏது? பீரோவுல செம்பகத்தோட சேலைதான் இருந்துச்சு. கயித்தக் கட்டி வரிசையா தொங்க விட்டாங்க. கல்யாணப் பட்டு நடுவுல, ஏன்னா அதுலதான் சரிகை இருக்கு, மினுங்கும். ஆடுமான்னு பாத்தாங்க. காத்தே இல்ல. மொட்டப்பாறைல காத்து மாசிலயே ஊர விட்டுப் போயிரும்.

"ஆடும் திரைன்னு போட்டுருக்கே, ஆடலையே?"ன்னு கோட்டச்சாமி போனையும் சேலையையும் மாறி மாறிப் பாத்தான்.

கொம்பையா ஒரு ஆட்டப் புடிச்சாந்து பட்டுச் சேலை முந்தில கட்டுனான். ஆடு அசையும்போது சேலையும் அசைஞ்சுச்சு. எல்லாருக்கும் திருப்தி. சாயங்காலம் பாத்தா, ஆடு ஒரு முழம் பட்ட மென்னு முடிச்சுட்டு, சரிகை வந்த எடத்துல மட்டும் நிறுத்திருந்துச்சு. "பாத்தியா, வெல கூடுன எடம் வாயில்லாத சீவனுக்குத் தெரியுது"ன்னாரு இருளப்பன்.

அடுத்த வழி கொஞ்சம் செரமப்படுத்துச்சு. 'இயற்கையை வீட்டுக்குள் அழைத்து வாருங்கள்.'

"இயற்கைன்னா நம்மூர்ல என்ன இருக்கு?"

"சீமைக் கருவேலம் இருக்கு."

"வேற?"

"வெயில் இருக்கு."

"அதான் முன்னாடியே உள்ள வந்துருச்சே. அழைக்காமலே வந்தத மறுபடி அழைச்சா மரியாதையா இருக்காது. கருவேலத்தக் கூப்புடுங்க."

கூப்புட்டாங்க. கருவேலம் வரல. அப்பறம் கொம்பையா கடப்பாரையோட போயி, ஏழு செடிய வேரோட பேத்துக் கொண்டாந்து, வீட்டுத் தரையத் தோண்டி நட்டான். ஆறு பேருக்கு முள்ளு ஏறுச்சு. செடி கூரைல முட்டுச்சு. "பாவம், வளைஞ்சு நிக்குது"ன்னு கோட்டச்சாமிக்கு மனசு கேக்கல.

வெள்ளிக்கெழமை, 'வெளிர் நிறங்கள் வெப்பத்தை விரட்டும்.' சுண்ணாம்பக் கரைச்சு கட்டில், பீரோ, அண்டா, ஆட்டுக்கல்லு எல்லாத்துக்கும் அடிச்சாங்க. மிச்சம் இருந்தத வீணாக்கக் கூடாதுன்னு ஆட்டுக்கு அடிச்சாங்க. அதுலயும் மிஞ்சுச்சு. வழுக்கைத் தலைல வெயில் ரொம்ப ஏறுதுன்னு இருளப்பனே குனிஞ்சு குடுத்தாரு.

அஞ்சாவது வழிதான் பெரிய வழி. 'தலைக்கு மேல் நிழல் தரும் ஒரு கூரை மிக மிக அவசியம்.'

கோட்டச்சாமி அதப் படிச்சுட்டு அப்பிடியே உக்காந்துட்டான். கூரைக்கு எங்க போறது? புதுசா வாங்கக் கூடாது. வீட்டுல இருக்கறதுதான். பீரோவத் தேடுனான், அண்டாவுக்குள்ள தேடுனான். ஒரு கூரையும் இல்ல. ஞாயித்துக்கெழமைக்கு ரெண்டே நாளு. செம்பகம் பஸ்ஸுல ஏறி ஐப்பசி வரைக்கும் போயிட்ட மாதிரியே அவனுக்குக் கண்ணுல தெரிஞ்சுச்சு.

அப்பத்தான் கூட்டத்துல பின்னாடி இருந்து ஒரு குரலு, "ஏப்பா, வீட்டு மேலயே ஒண்ணு சும்மாதான கெடக்கு?"ன்னுச்சு.

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. குரலப் பாக்கல, வீட்டப் பாத்தாங்க. கூரை அங்கதான் இருந்துச்சு. இத்தன நாளா மேல இருந்ததுனால யாரு கண்ணுலயும் படல.

இருளப்பன் கண்ண மூடுனாரு. "உள்ள யாராவது இருக்கீங்களா?"

"இல்லண்ணே."

"சாமான் எதாவது?"

"ஒண்ணும் இல்ல. கருவேலம்தான் இருக்கு."

"ஆளும் இல்லாத, சாமானும் இல்லாத வீட்டுக்கு எதுக்குடா கூரை? கருவேலம் என்ன மழைல நனைஞ்சுருமா? எறக்குங்க."

எறக்குனாங்க. ஓடு மாறிப் போயிரக் கூடாதுல்ல, அதனால கழத்துற ஒவ்வொரு ஓட்டு மேலயும் கரிக்கட்டைல நம்பர் போடச் சொல்லி கொம்பையாவ மேல ஏத்துனாரு இருளப்பன். கீழ வந்த ஓட்டையெல்லாம் கோட்டச்சாமி பாத்தான். எல்லாத்துலயும் ஒண்ணு.

"டேய் கொம்பையா, என்னடா அத்தனைலயும் ஒண்ணுன்னு போட்டுருக்க?"

"பின்ன? நான் எண்ணும்போது கையில ஒண்ணுதானடா இருந்துச்சு. ரெண்டத் தூக்குனா விழுந்துரும்."

"அப்ப எது மொத ஓடு?"

"எல்லாமே மொத ஓடுதான். நம்ம வீட்டுக் காரியத்துல எதையும் ரெண்டாவதா நெனைக்கலாமா?"

கோட்டச்சாமிக்குக் கண்ணு கலங்கிருச்சு. இப்பிடி ஒரு சிநேகிதன் எவனுக்குக் கெடைப்பான்?

கொம்பையா வீட்டு ஆட்டுக் கொட்டாயிலேருந்து நாலு கல்லுக்காலப் பேத்து வாசல்ல நட்டு, வீட்டு விட்டம், சட்டம் எல்லாத்தையும் மேல ஏத்தி, ஓட்டப் பரப்பி முடிக்க சனிக்கெழமை சாயங்காலமாச்சு. 'அழகான நுழைவாயில்'னு ஆறாவது வழி இருந்துச்சு. வீட்டுக் கதவ நெலையோட பேத்துக் கொண்டாந்து, சேலைகளுக்கு நடுவுல நட்டாச்சு. ரெண்டு பக்கமும் சேலை, நடுவுல தேக்குக் கதவு. நாதாங்கி, பூட்டு எல்லாம் அப்பிடியே.

மூணு பேரும் உள்ள போயி கட்டில்ல உக்காந்தாங்க.

"கொம்பையா, உனக்கு வேர்க்குதா?"ன்னான் கோட்டச்சாமி.

"வேர்க்குது."

"வீட்டுக்குள்ள வேர்த்த மாதிரியேவா?"

கொம்பையா நெத்திய வழிச்சு, நல்லா நிதானிச்சுப் பாத்துட்டு, "அதே வேர்வைதான்"னான்.

இருளப்பன் சந்தோசமா தலையாட்டுனாரு. சுண்ணாம்பு உதுந்துச்சு. "அப்ப வேல சுத்தமா முடிஞ்சிருக்கு. ஒண்ணு விடாம கொண்டாந்துட்டோம்னு அர்த்தம்."

ஞாயித்துக்கெழமை காலைல ஏழாவது வழி பாக்கி. 'ஒரு மூலையில் தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். அது மனதுக்கு இதம்.'

தண்ணிக்கு எங்க போறது? மொட்டப்பாறைக்கு எட்டு நாளைக்கு ஒருக்கா லாரில தண்ணி வரும். கோட்டச்சாமி அப்பிடியே தலைல கை வச்சான். இருளப்பன்தான் கைய எடுத்து விட்டாரு.

"தண்ணி வேணும்னா போட்டுருக்கு? நல்லாப் படி."

"தண்ணீர் சத்தம்ணே."

"சத்தம்தான? நம்மூர்ல தண்ணி சத்தம் எப்பிடி இருக்கும்?"

கூட்டம் யோசிச்சுச்சு. சலசலன்னான் ஒருத்தன். "அது எந்த ஊரு தண்ணி? நீ எங்க கேட்ட?"ன்னு மத்தவங்க புடிச்சுக்கிட்டாங்க. பாவம், டிவிலன்னு ஒத்துக்கிட்டான். பின்னாடி இருந்து மறுபடி அதே குரலு, "நம்மூர்ல தண்ணி சத்தம்னா கொடத்துச் சண்டைதானப்பா"ன்னுச்சு.

வாஸ்தவம். அந்த ஊர்ல பொறந்த பிள்ளை அம்மான்னு சொல்றதுக்கு முன்னாடி கேக்கறது அந்தச் சத்தத்தத்தான். இருளப்பனும் கொம்பையாவும் ஆளுக்கொரு காலிக் கொடத்தத் தூக்கிக்கிட்டு வாசல் மூலைல போயி நின்னாங்க. கோட்டச்சாமி துண்ட ஆட்டுனா சண்டைய ஆரம்பிக்கணும்.

பன்னண்டு மணி வண்டி வந்துச்சு. செம்பகம் எறங்குனா, கூட அவ அண்ணன் செல்லையா. கோட்டச்சாமி இருபது நாளைக்கு அப்பறம் அவளப் பாக்கறான்.

செம்பகம் மொதல்ல வீட்டப் பாத்தா. அங்க நாலு சுவரு நின்னுச்சு, மேல ஆகாசம், நடுவுல கருவேலம் நிமுந்து நின்னுச்சு. அப்பறம் வாசலப் பாத்தா.

செல்லையா சேலைய விலக்கிட்டு உள்ள வரப் பாத்தாரு. "மச்சான், மச்சான், அது சுவரு! கதவு வழியா வாங்க"ன்னு கத்துனான் கோட்டச்சாமி.

செல்லையா கதவத் தள்ளுனாரு. "பூட்டிருக்கு மாப்ள."

"வீட்டப் பூட்டாம எப்பிடி விடறது மச்சான்? இத்தன சாமான் இருக்கே."

"சாவி எங்க?"

"ஆணில."

"ஆணி எங்க?"

"சுவத்துல."

"எந்தச் சுவத்துல?"

"அந்தா. அத மட்டும்தான் கொண்டார முடியல."

கருவேலத்துக்குள்ள பூந்து சாவிய எடுத்துக்கிட்டு கோட்டச்சாமி திரும்பறதுக்குள்ள, அண்ணனும் தங்கச்சியும் உச்சி வெயில்ல கதவுக்கு வெளிய நின்னாங்க. ரெண்டு அடி தள்ளி நெழலு இருந்துச்சு. ஆனா வாசப்படி இங்கதான இருக்கு. மொற தவறி நடக்கறவங்க இல்ல அவங்க. அவங்க ஊரு மொட்டப்பாறைக்கு அடுத்த ஊருதான்.

கதவு தொறந்துச்சு. செம்பகம் உள்ள வந்தா. கட்டில்ல உக்காந்தா, சுண்ணாம்பு ஒட்டிக்கிச்சு. மேல பாத்தா, அத்தன ஓட்டுலயும் ஒண்ணு. கல்யாணச் சேலையப் பாத்தா, அதுக்குக் கீழ வெள்ளையா ஒரு ஆடு மென்னுக்கிட்டு இருந்துச்சு. நெத்தில வேர்வை எறங்குச்சு.

"ஏங்க."

"சொல்லு செம்பகம்."

"இது நம்ம வீடுதான?"

"ஆமா செம்பகம். வெளிய இருக்கு."

அவ எந்திரிச்சா. பையத் தூக்கித் தோள்ல மாட்டுனா. அவன் சட்டப் பைல கிளிப்பு மாட்டிருக்கறதப் பாத்து ஒரு நிமிசம் நின்னா. அதுக்கப்பறம், "ஐப்பசில பாப்போம்"னு சொல்லிட்டுக் கதவப் பாத்து நடந்தா. கடைசி ஸ்டாப்புல வண்டி திரும்புற ஹாரன் சத்தம் வேற கேட்டுச்சு.

கோட்டச்சாமிக்கு ஒண்ணும் வெளங்கல. ஏழு வழியும் பண்ணியாச்சே, எங்க தப்புச்சு? கையில துண்ட வச்சுக்கிட்டு மரமா நின்னான்.

"ஏப்பா, ஏழாவது இன்னும் பாக்கிடா!"ன்னு பின்னாடி இருந்து அந்தக் குரலு.

துண்ட ஆட்டுனான் பாருங்க, அப்பிடி ஒரு ஆட்டு. மூலைல இருளப்பன் உடனே வாய்ல "புஸ்ஸ்ஸ்"ன்னு குழாயத் தொறந்து விட்டாரு.

"ஏய், கொடத்த எடுறீ! மொதல்ல வச்சது நானு!"ன்னு பாஞ்சான் கொம்பையா.

"நீயா? நேத்தே நான் எடம் புடிச்சுக் கல்லு வச்சுட்டுப் போனேன்!"

"எந்தக் கல்லு?"

"கறுப்புக் கல்லு!"

"இந்த ஊர்ல எந்தக் கல்லுடி கறுப்பா இல்ல?"

"ரெண்டு கொடத்துக்கு மேல புடிச்சீன்னா மயிர அறுத்துருவேன்டீ!"

"எங்கே அறு! உனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே!"

அய்யோ, என்னா ஒரு இதம்! கோட்டச்சாமிக்கே நெஞ்சு குளுந்துருச்சு. அந்த நேரம் பாத்து தெருவுல எவனோ, "தண்ணி வந்துருச்சு! தண்ணி வந்துருச்சு!"ன்னு கத்திட்டான்.

அவ்வளவுதான். ஒலை கொதிச்சத அப்பிடியே விட்டுட்டு, சீவுன தலை பாதியோட, மொட்டப்பாறையே கொடத்தோட ஓடியாந்துச்சு. பிளாஸ்டிக் கொடம், பித்தளைக் கொடம், கைப்புடி போன வாளி, ஒருத்தி அவசரத்துல இட்லிக் குண்டானத் தூக்கிட்டு வந்துட்டா. வாசல் நெறைஞ்சுச்சு. நெசச் சண்டை ஆரம்பிச்சுருச்சு. செல்லையாவுக்கு அநியாயம் பொறுக்காது. கட்டில் மேல ஏறி நின்னு, "ஏம்மா, வரிசையா வாங்க! ஆளுக்கு ஒரு கொடம்! அந்த இட்லிக் குண்டான் கணக்குல சேராது!"ன்னு நாட்டாமைய எடுத்துக்கிட்டாரு. வரிசை கதவு வழியா நொழைஞ்சு, ஆட்டச் சுத்தி, தெருவுக்குப் போச்சு.

பஸ்ஸு வந்து நின்னுச்சு. கண்டக்டர் விசில் அடிச்சாரு.

செம்பகம் ஒரு காலு படில வச்சுட்டா. திரும்பி வரிசையப் பாத்தா. பஸ்ஸப் பாத்தா. மறுபடி வரிசையப் பாத்தா. அவளும் அந்தப் பக்கத்து மண்ணுல தண்ணி புடிச்சு வளந்தவதான. கால எடுத்தா, ஓடியாந்தா, சுண்ணாம்பு அடிச்ச அவ கொடத்தத் தூக்கி அஞ்சாவது எடத்துல சொருகிட்டா.

"ஏம்மா வர்றியா இல்லையா?"ன்னு கேட்டாரு கண்டக்டர்.

"எப்பிடிங்க வர்றது? என் கொடம் அஞ்சாவதுல இருக்கு!"

"அண்ணே, நீயாவது போண்ணே"ன்னா செல்லையாகிட்ட.

"நான் போயிட்டா வரிசைய யாரு பாத்துக்கறது?"ன்னாரு அவரு.

பஸ்ஸு போயிருச்சு. செம்பகம் கொடத்து மேல கைய வச்சுக்கிட்டே, கோட்டச்சாமி பைலருந்து கிளிப்ப எடுத்துக் கொண்டைல குத்திக்கிட்டா. முன்னாடி நின்னவகிட்ட சண்டையப் போட்டு நாலாவது எடத்துக்கு நகந்ததும் சிரிச்சா பாருங்க, படத்துல இருந்த பொம்பளை தோத்தா. கோட்டச்சாமி போன எடுத்து ஒப்பிட்டுப் பாத்தான். ஒரு எழுத்து மாறல.

மூணாம் நாளும் வரிசை கலையாம நிக்கும்போது, நெச லாரி வந்துச்சு. எப்பவும் நிக்கற அதே முக்குல நின்னு ஹாரன் அடிச்சுச்சு. வரிசைல ரெண்டு பேரு அசைஞ்சாங்க. இருளப்பன் விடல.

"நில்லுங்கப்பா. லாரிகிட்ட வரிசை நிக்குதா?"

"இல்லண்ணே."

"தண்ணி இருக்கற எடத்துல வரிசை இல்லாம இருக்குமா?"

"இருக்காது."

"இங்க வரிசை இருக்கா?"

"இருக்கு!"

"அப்ப தண்ணி எங்க இருக்கு?"

"இங்க!"ன்னு ஊரே கத்துச்சு. எவனும் நகரல. டிரைவர் அரை மணி நேரம் ஹாரன் அடிச்சுப் பாத்துட்டு, இந்த ஊர்ல தண்ணிக்குப் பஞ்சமே இல்ல போலன்னு நெனச்சு, லாரியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு.

என்னடா தவசி, அப்பிடிப் பாக்குற? பின்னாடி இருந்து வந்த குரலு யாருன்னா? நான்தான்டா. கூரையக் கழத்தச் சொன்னதும் நான்தான், தண்ணி வந்துருச்சுன்னு கத்துனதும் நான்தான். பொழுது போகல, சும்மா கத்துனேன். அப்பறம் அத்தன பேரு ஓடியாறதப் பாத்ததும், நெசமாவே வந்துருச்சோன்னு எனக்கே ஒரு பயம் வந்துருச்சு. லாரி வந்தப்பவும் நான் போகல. எப்பிடிப் போறது, எனக்கு ரெண்டாவது எடம்ல?

சரி, எந்திரிங்க, நான் கெளம்பறேன். கல்லு வச்சுட்டுத்தான் வந்துருக்கேன். கறுப்புக் கல்லு.